தட்டில் வைத்த சம்பளம்

பெங்களூர்
9 ஜனவரி 2025

ரஞ்சிக்கு,

சுஜாதா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பாப்பா தீபிகாவுக்கும் ஒரு குறையும் இருக்காது என்று எனக்குத் தெரியும். குறையெல்லாம் என் அக்காவின் இடுப்பெலும்பில் அல்லவா இறங்கியிருக்கிறது.

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது. இந்தப் பதிவுத் தபாலை ஏற்காட்டில் நீ வேலை பார்க்கும் பேங்குக்கே அனுப்புகிறேன். நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டு வாங்கு.

கண்ணாயி அக்கா உன் வீட்டில் விழுந்து மூன்று வாரமாகிறது. சேலம் பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். செலவு அரசாங்கக் கார்டில் போய்விட்டது, உன் கையை விட்டு ஒன்றும் போகவில்லை. ஆனால் டாக்டர் என்னிடம் சொன்னதைக் கேட்டுக்கொள். "ஒரு கால் கொஞ்சம் குட்டையாத்தாம்மா இருக்கும். சரிவுல ஏறி எறங்கற வேலைக்கு இனி அனுப்பாதீங்க." நம் ஊர் கொட்டச்சேட்டில் சரிவில் ஏறி இறங்காத வேலை என்ன இருக்கிறது? பிள்ளையைப் பார்க்க வாங்க அக்கா என்று நீ கூப்பிட்டதால் எஸ்டேட் வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. அவளைக் காப்பாற்றியது அவளுடைய இரண்டு கால்தான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தொட்டில் ஆட்டப் போனவள் மொட்டைமாடி இரும்பு ஏணியில் எதற்கு ஏறினாள்? அவள் பேருக்கு நீ ஏதாவது இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறாயா? நகைக்கடனுக்கு வருகிறவர்களைக்கூட உட்கார வைத்து இன்சூரன்ஸைத் தலையில் கட்டுகிறவள் நீ. அதனால்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்காகச் சொல்கிறேன்.

சுஜாதா


ஏற்காடு
27 ஜனவரி 2025

அன்புள்ள சுஜாதா அக்காவுக்கு,

ரஞ்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே குளிர் அதிகம். பாப்பாவுக்குச் சளி விட்டபாடில்லை. அங்கே நீங்கள் சுகமாக இருக்கச் சேர்வராயன் சாமி துணை.

உங்கள் கடிதத்தைப் பேங்கில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டு அழுகையை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். கண்ணாயி அக்கா எனக்குப் பெரியப்பா மகள் மட்டுமா? கூடப் பிறந்தவளைப்போல்தான் வைத்திருந்தேன். எங்களோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீபாவளிக்கு எனக்கு எடுத்த அதே கடையில்தான் அவர்களுக்கும் புடவை எடுத்தேன். ஒரு நாள், ஒரு பொழுது, வேலையாள் என்று நினைத்திருப்பேனா? மாசம் பிறந்தால் செலவுக்குக் கொடுப்பதைக்கூடக் கையில் கொடுத்ததில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் வைத்துத்தான் கொடுப்பேன். சீர் கொடுப்பதுபோல. எங்கள் அப்பா அப்படித்தான் கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு நான் பேங்கில் இருந்தேன். அக்கா எதற்காக ஏணியில் ஏறினார்களோ, எனக்கு எப்படித் தெரியும்? பாசி பிடித்த ஏணி. நேரம் சரியில்லை.

பொங்கலுக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசியும் ஒரு கம்பளியும் கொடுத்தனுப்பினேன். மாசாமாசம் அனுப்புவேன். என் உயிர் இருக்கிறவரை அக்காவைக் கைவிட மாட்டேன்.

உங்கள் வேலை இடத்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தங்கை
சிவரஞ்சனி


பெங்களூர்
4 பிப்ரவரி 2025

ரஞ்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளிக்குக் கற்பூரவல்லி கொடு. அக்கா இருந்தால் அவளே பறித்துக் கொடுத்திருப்பாள்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். புடவை வருகிறது, மேஜை வருகிறது, வெற்றிலை பாக்கு வருகிறது. இன்சூரன்ஸ் என்ற வார்த்தை மட்டும் வரவே இல்லை. நானும் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் கேவலமாம். நான் சொல்கிறேன். பிள்ளை பார்க்கும் வேலை. மீனாட்சி அம்மா என்று ஒருத்தர் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்தம்மா வீட்டு இன்சூரன்ஸில் என்னையும் சேர்த்துவிட்டார். வீட்டு வேலையில் கை கால் போனால் அதற்கென்று பணம் வரும், சம்பளம் இல்லாத மாசங்களுக்கும் வரும். ஆதார் வாங்கினார், கையெழுத்து வாங்கினார், முடிந்தது. நான் அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அந்தம்மாவுக்கு நான் உறவில்லை. அதனால்தான் எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

நீ வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. கடனோடு வீட்டுக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருப்பாய், பேங்குக்காரி எடுக்காமல் இருக்க மாட்டாய். அதில் வேலையாளுக்கும் சேர்த்து எடுத்தாயா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. பூசி மெழுகாதே.

அரிசிக்கு நன்றி. இடுப்பெலும்பை அரிசி போட்டு ஒட்ட முடியாது.

சுஜாதா


ஏற்காடு
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆண்டுக்கணக்கு முடிக்கும் மாதம், மூச்சுவிட நேரமில்லை. பாப்பாவைக் காலையில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறேன். இரவெல்லாம் பெரிம்மா பெரிம்மா என்று அழுகிறாள். உங்கள் உடல்நிலை எப்படி?

கேட்டதற்குச் சொல்கிறேன். ஆம், வீட்டு இன்சூரன்ஸில் வேலையாளுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மொத்தமாக எடுத்தபோது சேர்ந்து வந்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டுமென்றால் அக்காவை வேலையாள் என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எப்படிப் போடுவேன்? அப்பா ஊர்ப் பெரியதனம் பார்ப்பவர். திருவிழாவில் அவர் முன்னால் நிற்காமல் தேர் நகராது. அண்ணன் மகளைத் தன் மகள் வீட்டில் வேலைக்காரியாக வைத்தார் என்று நாளைக்கு ஒருவன் எழுந்து கேட்டால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அக்காவுக்கு மட்டும் அது மரியாதையா? பணம் இன்றைக்கு வரும், போகும். வேலைக்காரி என்ற பேர் போகுமா?

யோசித்துப் பாருங்கள் அக்கா. கோபத்தில் எழுதுவதை விட்டுவிட்டு யோசியுங்கள்.

சிவரஞ்சனி


பெங்களூர்
17 மார்ச் 2025

ரஞ்சி,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

விடியற்காலை எழுந்து உன் பிள்ளையின் மலம் அள்ளினாள். உன் வீட்டில் விறகு பிளந்தாள், தண்ணீர் பிடித்தாள், உன் மாமியார் வந்தால் கால் அமுக்கினாள். அப்போதெல்லாம் சித்தப்பாவின் மரியாதை எங்கே போயிருந்தது? மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா? வேலைக்காரி செய்கிற வேலையெல்லாம் அவள் செய்யலாம், வேலைக்காரிக்குக் கிடைப்பது மட்டும் அவளுக்குக் கிடைக்கக் கூடாது. நல்லா இருக்குதடி உன் உறவு!

எழுதிக் கொடு. இந்த மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கவில்லையென்றால் நான் லீவு போட்டு வருவேன். உன் பேங்கில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும், கவுண்டருக்கு முன்னால் நின்று சத்தமாகக் கேட்பேன். எனக்கு வெட்கமே கிடையாது. நான் வேலைக்காரி.

சுஜாதா


ஏற்காடு
22 ஏப்ரல் 2025

சுஜாதா அக்காவுக்கு,

நலம். கோடைக்கூட்டம் தொடங்கிவிட்டது, ரோட்டில் நடக்க முடியவில்லை.

நீங்கள் மிரட்டியபடியே எழுதிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒருவர் கொட்டச்சேட்டுக்கே போய் அக்காவை விசாரித்தார். நான் கூடப் போகவில்லை. என்னைச் சந்தேகப்படுவீர்கள் என்றுதான் போகவில்லை.

அவர் கேட்டதற்கு அக்கா சொன்னது இது, அவரே என்னிடம் சொன்னார். "நான் யாருக்கும் வேலைக்காரி இல்லீங்க. எந்தங்கச்சி புள்ளைய நாம் பாத்துக்கிட்டேன். சம்பளமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, தட்டுல வெச்சு ஏதோ குடுக்கும்." ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார். உறவுக்காரர், வேலையாள் அல்ல என்று காரணம் சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

நான் என்ன செய்ய முடியும்? என் கையெழுத்தை நான் போட்டேன். அக்காவே வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற பாசம் உங்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இனிமேலாவது நிம்மதியாக இருப்போம். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

சிவரஞ்சனி


பெங்களூர்
29 ஏப்ரல் 2025

அக்கா,

இடுப்பு எப்படி இருக்கிறது? மாத்திரை தீர்ந்துவிட்டதா? உன் ஊரில் டவர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நான் கத்துகிறேன் என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அங்கன்வாடி லூர்துசெல்வி டீச்சரைப் படித்துக் காட்டச் சொல். ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள் டீச்சர், திட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

உனக்கு மூளை இருக்கிறதா? சண்டை போட்டு, பகையாகி, மிரட்டி அந்த ஆளை உன் வீட்டுவரைக்கும் வரவழைத்தேன். நீ ஒரே வாயில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாய். தங்கச்சியாம், தங்கச்சி! அந்தத் தங்கச்சி அனுப்புகிற அரிசியைப் பொங்கிக்கொண்டு எத்தனை வருஷம் உட்காரப் போகிறாய்? நாளைக்கு அவளுக்கு ஒரு கோபம் வந்தால் அந்த அரிசியும் நிற்கும். அப்புறம் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாய்? இன்சூரன்ஸ் என்பது யாரும் போடுகிற பிச்சை இல்லை. கால் போனதற்குக் கால் போனவளுக்கு வர வேண்டியது.

ஏன் அப்படிச் சொன்னாய்? எனக்குக் காரணம் தெரிய வேண்டும். கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுஜாதா


கொட்டச்சேடு
8 ஜூன் 2025

கண்ணு சுஜாதாவுக்கு,

அக்கா கண்ணாயி சொல்லச் சொல்ல டீச்சர் எழுதறாங்க. நான் இருக்கறேன் சாமி. கம்பு ஊணி நடக்கறேன். நீ சோறு திங்காம இருக்காத, உனக்கு அல்சர் இருக்குது.

உன்ற கடுதாசியப் படிச்சுக் காட்டி நொம்ப நாளாச்சு. இப்பச் சொல்லிப்போடறேன், நீ குறுக்க பேச முடியாதில்ல.

அன்னிக்கு நானாத்தான் ஏணியில ஏறுனேன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்கற. பாப்பாவத் தொட்டல்ல போட்டுட்டு உக்காந்திருந்தேன். ரஞ்சி பேங்குல இருந்து போன் பண்ணுச்சு. "அக்கா, மழை வாரமாதிரி இருக்குது, மாடியில காப்பிக்கொட்டை காயுது, ஓடிப்போயி தார்ப்பாய இழுத்து மூடிருங்க"ன்னுச்சு. ஏணி வழுக்கும் கண்ணுன்னேன். "ஏனுங்க்கா, எஸ்டேட்டுல மரத்துல ஏறுன ஆளு, இது ஒரு ஏணியா"ன்னு சிரிச்சுது. நானும் சிரிச்சுக்கிட்டே ஏறுனேன். உழுந்ததுக்கப்பறம் உள்ள பாப்பா அழுகுது, என்னால எந்திரிக்க முடியலை. பக்கத்தூட்டுக்காரங்க வாரவரைக்கும் அந்தப் புள்ள அழுதது இன்னும் காதுலயே இருக்குது.

ஆஸ்பத்திரியில ரஞ்சி எங்கையப் புடிச்சுக்கிட்டு, போன் பண்ணுனத யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுது. சொல்லலை. அப்பறம் அந்த ஆபீசரு வாரதுக்கு முந்துன நாளு சித்தப்பாவோட வந்துது. சித்தப்பா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ரஞ்சிதான் அழுதுது. "வேலைக்காரின்னு உங்க வாயால சொல்லிராதீங்க்கா, அப்பா உசுர உட்டுருவாரு"ன்னுச்சு. அவரு என்னையத் தூக்கி வளத்தவரு. நான் என்ன செய்யட்டும்?

இதையெல்லாம் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா கோயில் திருவிழாவுக்கு ஜீப்புல போனப்ப, பக்கத்துல மஞ்சக்குட்டை ஊர்ப் புள்ள ஒண்ணு வந்து உக்காந்துது. வள்ளின்னு பேரு. மடியில பாத்தா நம்ம பாப்பா! என்னையப் பாத்ததும் தாவிக்கிட்டு வந்துருச்சு. ரஞ்சி புதுசா ஆள் வெச்சிருக்குதாம். அந்தப் புள்ள வெள்ளந்தியாச் சொல்லுது: "நல்ல ஊடுங்க்கா. சேந்த அன்னிக்கே எம்பேர இன்சூரன்சுல எழுதிட்டாங்க. முன்னால இருந்த ஆயா உழுந்துட்டாங்களாம், அதனால இப்ப எல்லாஞ் சரியாச் செய்யறாங்க."

ஆயாவாம் சாமி. நாந்தான் அந்த ஆயா.

எனக்குக் கால் போனப்பக்கூட இப்படி வலிக்கலை. எவளோ ஒருத்திகிட்ட நான் ஆயா, ஆபீசருகிட்ட மட்டும் நான் அக்காவா? சொல்லு, இனி நான் என்ன செய்யோணும்?

உன்ற அக்கா
கண்ணாயி


பெங்களூர்
14 ஜூன் 2025

சிவரஞ்சனிக்கு,

எல்லாம் தெரிந்துவிட்டது. போன் பண்ணியது, கையைப் பிடித்தது, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அழுதது, எல்லாம். ஒரு கையால் மனுவில் கையெழுத்துப் போட்டு, இன்னொரு கையால் அவள் வாயைப் பொத்தியிருக்கிறாய். புதிதாக வந்த வள்ளிக்கு இன்சூரன்ஸ் எடுத்தது நல்ல காரியம். அந்தப் பெண்ணாவது பிழைக்கட்டும். என் அக்கா விழுந்துதான் உனக்கு அந்தப் புத்தி வர வேண்டியிருந்தது.

தள்ளிய மனுவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று மீனாட்சி அம்மா விசாரித்துச் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் தெரிவித்துவிட்டேன். நான் உனக்கு இனி எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

பாப்பா நன்றாக இருக்கட்டும்.

சுஜாதா


கொட்டச்சேடு
20 ஜூலை 2025

சிவரஞ்சனி அம்மாவுக்கு,

கண்ணாயி சொல்லச் சொல்ல லூர்துசெல்வி டீச்சர் எழுதறாங்க. நீங்களும் உங்க ஊட்டுக்காரரும் பாப்பாவும் நல்லா இருக்கோணுங்க. மழைக்கு எனக்குக் கால் குடைச்சல் எடுக்குதுங்க, மத்தபடி இருக்கறேன்.

"நீங்க"ன்னு எழுதுங்கன்னு சொன்னதும் டீச்சர் பேனாவ நிறுத்திப்போட்டு என்னையப் பாத்தாங்க. அப்படித்தான் எழுதோணும் டீச்சர்னு சொன்னேன். வேலை செஞ்ச ஊட்டம்மாவ வேற எப்படிங்க கூப்பிடறது?

போன வாரம் டீச்சரக் கூட்டிக்கிட்டு பஸ்ஸேறி சேலம் போனேனுங்க. அந்த ஆபீசருதான் இருந்தாரு. நான் இந்த ஊட்டுல வேலைக்கு இருந்தேன், மாசாமாசம் சம்பளம் வாங்குனேன், அம்மா போன்ல ஏறச் சொன்னாங்க, ஏறுனேன், உழுந்தேன்னு சொன்னேன். "ஏம்மா, அன்னிக்குத் தங்கச்சின்னு சொன்னீங்களே"ன்னாரு. "ஆமாங்க, அன்னிக்குத் தங்கச்சி. இப்ப இல்லீங்க"ன்னேன். எழுதிக்கிட்டாரு. கைநாட்டு வேண்டாம்னு சொல்லி எம்பேர நானே எழுதிக் குடுத்தேன்.

அங்க இருந்து நேரா உங்க அப்பாகிட்டப் போனேனுங்க. அவருக்கு ஊர்ல யாரோ சொல்லித் தெரியறதுக்கு முந்தி நானே சொல்லோணும்னு பட்டுது. "சித்தப்பா, இத்தன நாளு உங்க மக ஊட்டுல நான் வேலைக்காரியா இருந்தேன், அத எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்"னேன். "தட்டுல வெச்சுக் குடுத்தா சம்பளமாகாதுன்னு நெனச்சனே கண்ணு"ன்னாரு. உசுர உடலைங்க. மோர் குடுக்கச் சொன்னாரு, குடிச்சுட்டு வந்தேன்.

வார புதங்கெழம ஆபீசரு உங்க ஊட்டுக்கு வாராரு. நீங்க வேற ஒண்ணுஞ் செய்ய வேண்டாங்க. நான் சொன்னது நெசம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாப் போதும். இதுவரைக்கும் நீங்க சொன்னதுக்கெல்லாம் நான் சரின்னேன். இந்த ஒருக்கா நான் சொல்லறதுக்கு நீங்க சரின்னு சொல்லுங்க. அரிசி இனி அனுப்பாதீங்க.

ஒண்ணே ஒண்ணுங்க. அவரு வாரப்ப பாப்பாவ வள்ளிகூட வெளிய அனுப்பிப்போடுங்க. கொழந்தைகிட்ட அவரு என்ற போட்டோவக் காட்டி இது யாருன்னு கேட்டா, பெரிம்மான்னு சொல்லிப்போடும். அதுக்கு இன்னும் பொய் சொல்லத் தெரியாதுங்க.

இப்படிக்கு,
உங்க ஊட்டு வேலைக்காரி
கண்ணாயி